கண்டல் நடும் முகாம்: கொழும்பிலிருந்து போகிறவர்கள் வழிநடத்தலாமா?

தாழை | வெள்ளவத்தை

ஆகஸ்ட் விடுமுறையில் கொழும்பிலுள்ள தமிழ் பேசும் இளைஞர்களைக் கற்பிட்டிக்கு அழைத்துப் போய், களப்புக் கரையில் கண்டல் (உப்புநீர்ச் சேற்றில் வளரும் மரம்) நடும் முகாம் ஒன்று நடத்தப் போகிறோம். அது நன்றாக நடந்தால் அடுத்தது சிங்கராஜா மழைக்காட்டின் கிழக்கு ஓரம், அதன் பிறகு வடக்கின் தீவுகள். கன்று நடுவதற்கு ஆட்கள் தாராளமாக வருகிறார்கள். குழுக்களை வழிநடத்தத்தான் ஆளில்லை. முன்வரக்கூடியவர்கள் இங்கே எழுதுங்கள்.

இதை நாம் ஏன் செய்ய வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். கொழும்பில் நான் பார்த்த சூழல் பயிற்சிகள் எல்லாம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ நடந்தவை. ஆனால் கற்பிட்டியிலும் மன்னாரிலும் தீவகத்திலும் சிங்கராஜா ஓரத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். 2015இல் சீக்கோலஜி, சுதீச என்ற இரண்டு அமைப்புகள் அரசோடு சேர்ந்து, நாட்டின் எல்லாக் கண்டல் காடுகளையும் காக்கும் திட்டத்தைத் தொடங்கின. கரையோரப் பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் கொடுத்து, அவர்களையே காவலாக்குவது அதன் அடிப்படை. 2024இல் ஐ.நா. இலங்கையின் கண்டல் மீட்பை உலகளவில் எடுத்துக்காட்டான திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது. இத்தனை பெரிய வேலையில் நம் பிள்ளைகளை அங்கொருவர் இங்கொருவராகத்தான் காண்கிறேன். இது மாற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

களப்பு | கொட்டாஞ்சேனை, ஊர் கற்பிட்டி

தங்கச்சி, ஊருக்கு வாருங்கள், சாப்பாடு நாங்கள் தருகிறோம். ஆனால் நடுவதற்கு வராதீர்கள். வழிநடத்தவும் வராதீர்கள். கோபிக்க வேண்டாம், காரணம் சொல்கிறேன்.

சுனாமிக்குப் பிறகு இந்த நாட்டில் கண்டல் நட்டவர்கள் கொஞ்சப் பேரில்லை. அப்படி நட்டதெல்லாம் என்ன ஆனது என்று ருகுணு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 23 இடங்களுக்குப் போய்ப் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். மொத்தம் 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை நட்டிருக்கிறார்கள். பிழைத்தது 200, 220 ஹெக்டேர்தான். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் மூன்றே மூன்று. நட்டவர்கள் எல்லோரும் நல்ல மனதோடுதான் நட்டார்கள்.

எங்கள் ஊரிலும் ஒரு நிறுவனம் (பெயர் வேண்டாம்) பஸ்களில் ஆட்களைக் கொண்டுவந்து நட்டது. நட்ட இடம் வாப்பாமார் காலம் தொட்டுத் தோணி இழுத்து ஏற்றும் மணல் துண்டு. யாரையும் கேட்கவில்லை. விடியற்காலம் வலையோடு கரைக்கு வந்தவர்கள் தோணியை எங்கே ஏற்றுவது? சிலர் கன்றுகளைப் பிடுங்கினார்கள். கடைசியில் கண்டலை அழிக்கிற ஊர் என்ற பெயர் எங்களுக்கு வந்தது. அந்தக் களப்பில்தான் நாங்கள் இறாலும் நண்டும் பிடிக்கிறோம். கண்டல் போனால் முதலில் பட்டினி கிடப்பது நாங்கள்.

எந்த மாதத்தில் தண்ணீர் எதுவரை ஏறும், எங்கே சேறு, எங்கே மணல் என்று அறிந்தவர்கள் வழிநடத்தட்டும். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் அவர்கள் சொல்வதைச் செய்யட்டும்.

பழைய வாத்தியார் | பம்பலப்பிட்டி

களப்பு தம்பியின் கோபம் நியாயமானது. முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

ஊரார் மட்டும் போதும் என்று இருந்திருந்தால் சிங்கராஜா இன்று இருக்குமா? 1970களின் தொடக்கத்தில் பிளைவூட் தொழிற்சாலைக்காக அந்தக் காட்டுக்குள் இயந்திரங்களை இறக்கினார்கள். விஞ்ஞானிகளும் நகரத்துப் படித்தவர்களும் மாணவர்களும் விடாமல் எதிர்த்ததால் 1977இல் மரம் வெட்டுவது நின்றது. 1988இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக்கியது. அங்கே உள்ள மரங்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. வெளியிலிருந்து குரல் வராமல் போயிருந்தால் அவை பலகையாகிப் போயிருக்கும்.

புத்தளத்துக் கண்டலை வெட்டி இறால் பண்ணை போட்டவர்களும் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த முதலாளிகள்தானே? முதலாளி வரலாம், மாணவன் வரக்கூடாதா? என்னிடம் படித்த பிள்ளைகள் உயர்தரத்தில் உயிரியலுக்கு நல்ல பெறுபேறு எடுத்தவர்கள். கண்டலைப் பாடப்புத்தகத்துப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். ஒரு தடவை சேற்றில் இறங்கியவன் வாழ்நாள் முழுக்க அதற்காகப் பேசுவான். தாழை மகள், நீங்கள் நடத்துங்கள். பிள்ளைகளைத் திரட்டித் தருவது என் பொறுப்பு.

சிப்பி | களனி, உயிரியல் மாணவி

களப்பு நானா சொன்ன ஆய்வை நானும் வாசித்திருக்கிறேன். கன்றுகள் ஏன் சாகின்றன என்பது தெரியாமல் நடுவதா விடுவதா என்று விவாதித்துப் பயனில்லை என்று நினைக்கிறேன்.

இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. கண்டல் இயல்பாக வளர்வது சராசரிக் கடல்மட்டத்துக்கும் பெருக்கு ஏறும் எல்லைக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய பட்டையில். ஒரு முழம் கீழே தள்ளி நட்டாலே கன்று எப்போதும் தண்ணீரில் நின்று மூச்சுத் திணறிச் சாகும். வெறுமையாகக் கிடக்கும் சேற்றுத் திட்டுகளில்தான் தொண்டர்கள் ஆசையோடு நடுகிறார்கள். அங்கே கண்டல் தானாக முளைக்காததற்குக் காரணம் இருக்கிறது. இனத்தைத் தேர்வதிலும் தவறு நடக்கிறது: ரைசோபோரா என்ற கண்டல் இனத்தின் விதை நீளமானது, பொறுக்குவதும் சேற்றில் குத்துவதும் எளிது, அதனால் எங்கும் அதையே நடுகிறார்கள். புத்தளம் களப்பின் தென்பகுதி வறண்ட மாதங்களில் கடலை விட உப்பாகிவிடும். பாலாவிப் பக்கம் உப்பளம் இருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த உப்பை எல்லா இனமும் தாங்காது. இதற்கு மேல், நட்ட பிறகு யாரும் திரும்பி வருவதில்லை. மாடு மிதிக்கும், பாசி சுற்றும், குப்பை அடையும்.

கைவிடப்பட்ட இறால் பண்ணைகளில் பல இடங்களில் நடவே தேவையில்லை. வரம்பை வெட்டிக் கடல் தண்ணீர் உள்ளே வந்து போக விட்டால், பக்கத்தில் தாய்க் காடு இருந்தால், விதை தானாக மிதந்து வந்து முளைக்கும். சேர், வரம்பு வெட்டத் தோள் வேண்டும். எங்கே வெட்டுவது என்பதற்குத் தண்ணீரின் போக்கு தெரிந்தவர் வேண்டும். முதலாவது கொழும்பில் கிடைக்கும், இரண்டாவது ஊரில்தான் கிடைக்கும்.

கித்துள் | புறக்கோட்டை, ஊர் தெனியாய

சிங்கராஜா பெயர் வந்ததால் எழுதுகிறேன். நான் பிறந்தது தெனியாயப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். வாசலில் நின்றால் காடு தெரியும்.

வெளியார் காட்டைக் காப்பாற்றியது உண்மை, வாத்தியார் சேர். அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காட்டோரத்துச் சிங்களக் கிராமங்களில் கித்துள் சீவிக் கள்ளும் பாணியும் கருப்பட்டியும் எடுத்து வாழ்ந்த குடும்பங்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. பாதுகாப்பு வந்ததும் அவர்கள் நேற்று வரை நடந்த பாதையில் நடக்கக் கேட்டுப் போக வேண்டியதாயிற்று. ஆனால் காட்டின் இன்னொரு வாசலான குடவைப் பக்கத்தில் ஒரு நல்லது நடந்தது. கிராமத்து இளைஞர்களே வழிகாட்டிகளாகிப் பிழைப்புத் தேடிக்கொண்டார்கள். காட்டில் எந்தக் கிளையில் எந்தப் பறவை உட்காரும் என்று அவர்களுக்குத் தெரியும். காடு நின்றால் தங்கள் அடுப்பு எரியும் என்பதும் தெரியும்.

எங்கள் பக்கத்தில், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. வந்த குழுக்கள் கிராமத்தோடு பேசின, எங்களைத் தாண்டிப் போயின. விறகு பொறுக்கப் போகும் எங்கள் அம்மாமார் காட்டுக்கு ஆபத்து என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் பேசியதை என் காதால் கேட்டேன். அந்த அம்மாமாரிடம் யாரும் தமிழில் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அதனால் தாழை அக்கா, நீங்கள் தமிழில் செய்ய நினைப்பது எனக்குப் பெரிய விஷயம். ஆனால் கொழும்புப் பிள்ளைகளை எங்கள் ஊருக்கு வழிகாட்டியாகக் கொண்டுவராதீர்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வழிகாட்டிப் பயிற்சி கொடுங்கள். உயர்தரம் முடித்துவிட்டுக் கொழும்பில் கடையில் நிற்கிற என் வயதுக்காரர்கள் எத்தனை பேர்! எங்கள் பக்கத்துப் பிட்டதெனிய வாசலால் வருகிற பயணிகளுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பேசக்கூடியவர்கள் அவர்களுக்குள் இருக்கிறார்கள்.

தாழை | வெள்ளவத்தை

எல்லோருக்கும் நன்றி. கித்துள் தம்பி, நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். சிங்கராஜாவுக்கு உங்கள் யோசனைதான் சரி, தோட்டத்துப் பிள்ளைகளுக்கான பயிற்சியாகவே அதை வைப்போம்.

கற்பிட்டி விஷயத்தில் களப்பு நானாவோடு எனக்கு இன்னும் உடன்பாடில்லை. மடகஸ்காரைப் பாருங்கள். தென்மேற்கில் அந்தவதோக்கா என்ற மீனவக் கிராமத்துக்கு ப்ளூ வென்ச்சர்ஸ் என்ற அமைப்பு 2003இல் போனது. வெளிநாட்டுத் தொண்டர்கள் காசு கட்டி வந்து, நீருக்கடியில் பவளப்பாறையையும் மீனையும் கணக்கெடுத்தார்கள். அந்தக் காசில் ஊரில் வேலை நடந்தது. 2004இல் கணவாய் பிடிக்கும் ஒரு பாறைத் திட்டைச் சில மாதங்கள் மூடி வைத்தார்கள். திறந்தபோது பேய்க்கணவாய் பெரிதாகி நிறைய அகப்பட்டது. அதைப் பார்த்துப் பக்கத்து ஊர்களும் மூடின. இன்று பல கிராமங்கள் சேர்ந்து தங்கள் கடலைத் தாங்களே நிர்வகிக்கின்றன. வெளியார் போய்த் தொடங்கியிராவிட்டால் இது நடந்திருக்குமா?

களப்பு | கொட்டாஞ்சேனை, ஊர் கற்பிட்டி

நீங்கள் சொன்ன கதையே எனக்குச் சாட்சி, தங்கச்சி. தொண்டர்கள் செய்தது எண்ணியதும் காசு கொடுத்ததும். பாறையை எப்போது மூடுவது, எங்கே மூடுவது என்று அந்த ஊரின் வேசோ இன மீனவர்கள் கூடித்தான் முடிவெடுத்தார்கள். கணவாய் சீக்கிரம் வளர்கிற பிராணி, சில மாதத்தில் பலன் கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் ஊர் நம்பியது. கண்டல் அப்படி இல்லை. பலன் தெரியப் பல வருஷம் ஆகும். அத்தனை வருஷம் அங்கே இருக்கப் போவது யார்?

சிப்பி | களனி, உயிரியல் மாணவி

இதற்கு இன்னும் தெளிவான உதாரணம் பிலிப்பைன்ஸில் இருக்கிறது. எங்கள் விரிவுரையாளர் அடிக்கடி சொல்வார். சிலிமன் பல்கலைக்கழகத்தின் ஏஞ்சல் அல்கலா 1974இல் சுமிலோன் தீவின் பாறைப்பகுதி ஒன்றில் மீன்பிடியை நிறுத்தச் செய்தார். சுற்றியிருந்த கடலில் மீன் பெருகியது. ஆனால் உள்ளூர் நிர்வாகத்தில் ஆட்கள் மாறினார்கள், 1984இல் காவல் தளர்ந்தது, மூடிய இடத்திலும் வலை விழுந்தது. கொஞ்ச நாளில் மொத்தப் பிடிபாடே குறைந்துவிட்டது.

பக்கத்திலேயே இன்னொரு தீவு, ஆப்போ. அங்கேயும் அதே அல்கலாவும் அதே பல்கலைக்கழகமும்தான். வேறுபாடு என்னவென்றால் அவர்கள் முதலில் ஊரோடு நீண்ட நாள் பேசினார்கள், 1982இல் ஊரே ஒரு சிறிய பகுதியை மூடியது, காவலும் ஊர் மீனவர்களே. அது இன்றும் நிற்கிறது. விஞ்ஞானம் இரண்டு தீவிலும் ஒன்றுதான். ஆப்போவில் அந்த முடிவு ஊருக்குச் சொந்தமாக இருந்தது.

பழைய வாத்தியார் | பம்பலப்பிட்டி

மகள் சொன்னது மிக நல்ல உதாரணம். ஆனால் ஆப்போவிலும் பேசத் தொடங்கியவர் வெளியிலிருந்து போன ஒரு பேராசிரியர்! தொடங்குவதும் ஒரு வழிநடத்தல்தான். அதை நாம் செய்தால் என்ன குற்றம்?

இன்னொன்றும் கேட்கிறேன். கண்டல் சிக்கல் என்றால் பிள்ளைகளைத் தெற்குக் கரையில் ஓர் ஆமைப் பொரிப்பகத்துக்கு அழைத்துப் போகலாமா? குஞ்சுகளைக் கையால் கடலில் விடுவது பிள்ளைகள் மறக்காத அனுபவமாக இருக்கும்.

சிப்பி | களனி, உயிரியல் மாணவி

சேர், தயவுசெய்து தேர்ந்தெடுத்துப் போங்கள். நம் கரைகளுக்கு முட்டையிட வருகிறவை ஐந்து வகை ஆமைகள். மணலிலிருந்து வெளிவந்த குஞ்சுக்கு முதல் ஒரு நாள் ஓயாமல் நீந்தும் வேகம் இருக்கும். வயிற்றில் மிஞ்சிய மஞ்சள் கருதான் அதற்கு எரிபொருள். அந்த வேகத்தில்தான் அது கரையோர மீன்களையும் பறவைகளையும் தாண்டி ஆழ்கடலுக்குப் போகிறது. தொட்டியில் நாட்கணக்கில் வைத்துப் பயணிகளுக்குக் காட்டிவிட்டு விட்டால் அந்தச் சக்தி தொட்டிச் சுவரை முட்டியே தீர்ந்துவிடும். இன்னொன்று, முட்டை புதைந்திருக்கும் மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவுசெய்கிறது. இடம் மாற்றிப் புதைத்தால் அதுவும் மாறலாம்.

அதே தெற்குக் கரையில் ரெக்காவை என்ற ஊரில் வேறு வழி எடுத்தார்கள். 1990களில், முட்டை தோண்டி விற்றவர்களையே சம்பளம் கொடுத்துக் காவலுக்கு வைத்தார்கள். முட்டை ஆமை இட்ட இடத்திலேயே இருந்தது. இருட்டில் எந்தக் கரையில் எந்த ஆமை ஏறும் என்று அவர்களை விட யாருக்குத் தெரியும்? பிள்ளைகளை அங்கே அழைத்துப் போய், இரவில் டோர்ச் அடிக்காமல், ஆமை முட்டையிட்டு முடியும் வரை தூர இருந்து பார்க்கச் சொல்லுங்கள். கையில் எடுக்க வேண்டாம்.

பெருக்குமரம் | தெஹிவளை, ஊர் நெடுந்தீவு

தாழை முதல் பதிவில் வடக்கின் தீவுகள் என்று எழுதியிருந்ததால் என் பக்கத்தையும் சொல்கிறேன்.

2015 ஜூன் 22 வர்த்தமானியில் நெடுந்தீவு, ஆதாம் பாலம், சுண்டிக்குளம், மடு வீதி எல்லாம் தேசியப் பூங்காக்கள் ஆயின. காப்பதில் எனக்குச் சந்தோஷம்தான், எங்கள் குதிரைகளும் பறவைகளும் பிழைக்கட்டும். ஆனால் வடக்கில் பாதுகாப்பு என்ற சொல்லோடு யார் வந்தாலும் சனம் முதலில் தன் காணி உறுதியைத் தேடும். இரணைதீவுச் சனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1992இல் இடம்பெயர்ந்தவர்கள், 2018 ஏப்ரலில் தாங்களே படகேறிப் போய்த் தங்கள் தீவில் இறங்கினார்கள். அத்தனை வருஷம் தங்கள் தென்னையையும் கோயிலையும் அக்கரையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தவர்களிடம் போய் இந்தக் கடற்புல்லில் வலை போடாதீர்கள் என்று கொழும்பிலிருந்து வந்த இருபது வயதுப் பிள்ளை சொன்னால் அவர்கள் மனம் என்ன பாடுபடும்? கடற்புல் போனால் கடற்பசுவும் போய்விடும், இறாலும் போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. தடைசெய்த வலையோடு வருகிற பெரிய படகுகளை முதலில் நிறுத்துங்கள் என்றுதான் அவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

ஒரு நடைமுறை விஷயம். நெடுந்தீவு சுண்ணாம்புக்கல் தீவு. நல்ல தண்ணீர்க் கிணறுகள் குறைவு, கோடையில் இன்னும் குறைவு. குறிகட்டுவானில் படகேறும் ஒரு பெரிய குழு ஊரில் தங்கினால் குடிப்பதும் குளிப்பதும் ஊராரின் தண்ணீரில்தான். சிறு குழுவாக வாருங்கள், மழைக்குப் பிறகு வாருங்கள்.

வாய்க்கால் கரை | வெள்ளவத்தை

எல்லோரும் தூரத்தைப் பேசுகிறீர்கள். 2018இல் உலகின் முதல் ஈரநில நகரங்கள் என்று ராம்சார் என்ற சர்வதேச ஈரநில ஒப்பந்தம் அறிவித்த 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. தெஹிவளைக்குப் பின்னால் பெல்லன்வில, அத்திட்டிய சதுப்பு நிலம் 1990 முதல் சரணாலயம். அதற்குள் மீன்பிடிப் பூனை நடமாடுகிறது. அன்னோனா கிளாப்ரா என்ற அந்நிய மரம் சதுப்பு நிலங்களை விழுங்கிக்கொண்டு போகிறது, அதை வெட்டி வேரோடு எடுக்கக் கை வேண்டும். மழைத் தண்ணீரை அந்த நிலம் தாங்காவிட்டால் நம் வீட்டுக்குள்தான் வரும். பஸ்ஸில் போய் மத்தியானத்துக்குள் வீடு திரும்பலாம். மாதம் தவறாமல் போகலாம்.

வழிநடத்தப் பழக விரும்புகிறவர்கள் முதலில் இங்கே ஒரு வருஷம் வரட்டும். இங்கே நாம்தான் ஊரார். நம் சதுப்பு நிலத்தை யாரோ வந்து நிர்வகித்தால் நமக்கு எப்படி இருக்கும் என்பதும் அப்போது புரியும்.

பழைய வாத்தியார் | பம்பலப்பிட்டி

நல்ல யோசனைதான், ஆனால் வெயிலில் ஆகாயத்தாமரை இழுத்த பிள்ளை அடுத்த மாதம் வருமா? ஒரு பெருங்காட்டைப் பார்த்த வியப்பு இல்லாமல் இந்தப் பொறுமை பிள்ளைகளுக்கு வராது. நாற்பது வருஷம் படிப்பித்தவனாகச் சொல்கிறேன்.

கித்துள் | புறக்கோட்டை, ஊர் தெனியாய

வியப்புக்கு வாருங்கள் சேர், மறுக்கவில்லை. அட்டைக் கடிக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு வாருங்கள். பார்க்க வருவதும் வேலை செய்ய வருவதும் வேறு வேறு என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அழைத்து வாருங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

காட்டில் வேலை என்பது கன்று நடுவதை விட மெதுவானது. சிங்கராஜா ஓரத்தில் முன்பு கரிபியன் பைன் மரம் போட்டிருந்தார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல், சாவித்திரி குணதிலக தம்பதியும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் அந்தப் பைனில் வரிசைகளை வெட்டி ஒளி விட்டு, அதன் கீழே நம் காட்டு மரங்களை வளர்த்துப் பார்த்தார்கள். ஒளி எவ்வளவு, எந்த இனம் எந்த இடத்தில் என்று வருஷக்கணக்காக அளந்திருக்கிறார்கள். ஒரு விடுமுறை முகாமில் முடிகிற காரியம் இல்லை. ஆனால் அப்படி அளக்க ஊர்ப்பிள்ளைகளைப் பழக்கலாம்.

மட்டுறுத்துநர்

தனிப்பட்ட நிறுவனங்களின் பெயரைச் சொல்லிக் குறை கூறிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். மற்றபடி தொடருங்கள்.

தாழை | வெள்ளவத்தை

இரண்டு நாளாக யோசித்து எழுதுகிறேன்.

கன்று வாங்குவதைத் தள்ளிப்போடுகிறேன். கன்று நடுவது, சிப்பி சொன்னபடி கைவிடப்பட்ட பண்ணையில் வரம்பு வெட்டுவது, இரண்டில் எது தேவை என்று ஊர்தான் சொல்ல வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. நட்டவை பிழைத்தனவா என்று திரும்பிப் போய் எண்ணுவதை நம் குழு எடுத்துக்கொள்ளும். அதே இடத்தில் நின்று அதே திசையில் படம் எடுப்பது, கன்றின் உயரம் அளப்பது, செத்ததைப் பதிவது எல்லாம் தமிழ்ப் படிவத்தில், ஊர்ப் பெண்களும் நிரப்பக்கூடிய மாதிரி.

ஆனால் வழிநடத்துவது முழுக்க ஊருடையது என்பதை நான் ஏற்கவில்லை. கொழும்பிலிருந்து பதினெட்டு வயதுப் பெண்பிள்ளையை அனுப்பும் அம்மா என்னிடம்தான் கேட்பார். தங்குமிடம், படகில் உயிர்காப்பு அங்கி, காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரி, இரவில் யார் பொறுப்பு என்பதை நான்தான் சொல்லியாக வேண்டும். ஊர்ச் சங்கம் வேலையை நடத்தட்டும், பிள்ளைகளை நான் நடத்துவேன். பிள்ளைகள் கட்டும் பணத்துக்கும் கணக்கு இரண்டு கையொப்பத்தோடு இருக்க வேண்டும், ஒன்று சங்கத்துடையது, ஒன்று எங்களுடையது.

களப்பு | கொட்டாஞ்சேனை, ஊர் கற்பிட்டி

பிள்ளைகள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அது உங்கள் அமானிதம்.

பணத்தில் இரண்டு கையொப்பம் என்பதைச் சங்கத்தில் சிலர் விரும்பமாட்டார்கள். முன்பு ஒரு திட்டத்தில் எங்கள் பெயரில் வந்த காசை வெளியார் கையொப்பம்தான் தாமதப்படுத்தியது. வேலைக்கூலி நாள் முடிவிலேயே கையில் போக வேண்டும். வரம்பு வெட்ட வருகிற ஊர்க்காரர் அன்றைய தொழிலை விட்டுவிட்டு வருகிறார். நீங்கள் தொண்டு செய்கிறீர்கள் என்பதற்காக அவரும் சும்மா செய்ய முடியாது.

ஆகஸ்டும் சரிவராது. சோளகக் காற்று அப்போது பலமாக இருக்கும், எங்கள் ஆட்களில் பலர் கிழக்குக் கரைக்குத் தொழிலுக்குப் போயிருப்பார்கள். வீட்டில் ஆண்கள் இல்லாத நேரத்தில் வந்து கூட்டம் வைத்தால் பிறகு எங்களைக் கேட்கவில்லை என்ற பேச்சுத்தான் மிஞ்சும். ஆட்கள் திரும்பிய பிறகு வாருங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலை வைக்க வேண்டாம்.

பழைய வாத்தியார் | பம்பலப்பிட்டி

ஆகஸ்டை விட்டால் பிள்ளைகளுக்கு விடுமுறை டிசம்பரில்தான். உயர்தரப் பரீட்சை வேறு குறுக்கே வரும். இதைச் சங்கம் கணக்கில் எடுக்க வேண்டாமா?

களப்பு | கொட்டாஞ்சேனை, ஊர் கற்பிட்டி

சேர், கடல் பள்ளி அட்டவணையைப் பார்க்காது. டிசம்பர் எங்களுக்குச் சரி. பரீட்சை எழுதாத பிள்ளைகளை அனுப்புங்கள்.

சிப்பி | களனி, உயிரியல் மாணவி

டிசம்பர் என்றால் மழைத் தண்ணீர் வந்து களப்பின் உப்பு குறைந்திருக்கும். அதனால் செப்டெம்பரில் நான் இரண்டு பேரோடு வந்து உப்பும் நீர்மட்டமும் அளந்து வைக்கிறேன். காய்ந்த மாதத்து அளவு இல்லாமல் டிசம்பர் அளவை மட்டும் நம்பி இடம் தேர்ந்தால் கோடையில் எல்லாம் கருகிவிடும். நானா, அளவுக்கோல் நட ஊரில் யாரைக் கேட்க வேண்டும்?

களப்பு | கொட்டாஞ்சேனை, ஊர் கற்பிட்டி

மீனவர் கூட்டுறவுச் சங்கத்தைத்தான். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன், கூட்டத்தில் வைத்துக் கேட்கிறேன். இரண்டு கையொப்பத்தையும் கேட்கிறேன், தங்கச்சி, ஆனால் அதற்கு நான் ஆதரவாகப் பேசமாட்டேன், நீங்களே வந்து பேசுங்கள். சிப்பி மகள், கோல் நடுகிற இடத்தை வலைப்பாதைக்கு வெளியே காட்டச் சொல்கிறேன். பதில் கிடைத்ததும் இங்கே எழுதுகிறேன், அதுவரை பஸ் பேச வேண்டாம்.

தாழை | வெள்ளவத்தை

நானே வருகிறேன், நானா. ஞாயிறு எத்தனை மணிக்குக் கூட்டம்?